டெஸ்ட் மாணவர் 1

நரினில் மைனஸ் முப்பத்து நான்கு.
குளிர் இறங்கும்வரை பள்ளிகள் மூடல் என்று
வட்டார அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது.
பாடத்தை மட்டும் மூடக்கூடாதாம்.
பதினொரு பள்ளி, நூற்று ஆறு ஆசிரியர்,
உதவிக்கு நான் ஒருவன்.
போன வாரம்வரை பிரிண்டருக்கு மை ஊற்றியவன்.

காலை ஆறரைக்கே போன்.
"தாலாய், என் முகம் தலைகீழாகத் தெரிகிறது."
போனைத் திருப்புங்கள்.
"தாலாய், நான் பேசுவது கேட்கவில்லையாம்."
கீழே சிவப்பாக ஒரு மைக் தெரிகிறதா, அதைத் தொடுங்கள்.
"நாற்பது நிமிடமாகவா?"
நாற்பது நிமிடமாகத்தான்.
உடற்பயிற்சி ஆசிரியர் சொவெத்பெக்
அவ்வளவு நேரமும் ஓசையின்றிக் குதித்திருக்கிறார்,
மனைவி ரொட்டி சுடும் அடுப்பை ஒட்டி.
அவரைப் பார்த்தே
பதினாறு பிள்ளைகள் பதினாறு வீட்டில் குதித்தார்களாம்.
அங்கே நான் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

கடவுச்சொல்லை மறந்தவர்கள்
டாக்டரிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
யாரிடமும் சொல்லாதீர்கள் என்பேன்.
அடுத்த மூச்சில் என்னிடம் சொல்லிவிடுவார்கள்.
வேதியியல் ஆசிரியைக்கு அது
விற்றுவிட்ட குதிரையின் பெயர்.
ஸூரா எஜேக்கு ஒரு தேதி;
மாஸ்கோவில் தரை துடைக்கும் மகள்
வருகிறேன் என்று சொன்ன தேதி.
அது கடந்து இரண்டு வருடமாயிற்று.
தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
மாற்று மாற்று என்கிறது கணினி.
அந்த விதியை அவருக்கு மட்டும்
அணைத்துவைத்திருக்கிறேன். மேலிடத்துக்குத் தெரியாது.

கணக்கு எடுக்கும் புருல்சாவுக்கு
ஸ்லைடு ஆகவில்லை, விரலால் கண்ணாடியில் எழுதவும் ஆகவில்லை.
"கை ஓடினால்தான் எனக்குக் கணக்கு ஓடும்."
சரி, அவனுக்குள் இருக்கும் கம்பித்தட்டை எடுங்கள்.
இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி
மேலே வையுங்கள், பாலம்போல.
"எந்தப் புத்தகம்?"
தடியாக எது இருந்தாலும்.
அதன்மேல் போனை மல்லாத்துங்கள்.
"மல்லாந்தால் கூரையைத்தானே பார்க்கும்?"
இல்லை எஜே, அதற்குக் கண் முதுகில்.
கீழே கரும்பலகைக்குக்
கரிபிடித்த ரொட்டித்தட்டு போதும்.
சாக்பீஸ் இருக்கிறதா?
"சாக்பீஸ் இல்லாத கோட்டு
என்னிடம் கிடையாது."

சரிபார்க்க நானும் வகுப்புக்குள் போனேன்,
டெஸ்ட் மாணவர் 1 என்ற பெயரில்,
முகமில்லாத கறுப்புக் கட்டமாக.
சுற்றிலும் பத்தொன்பது கட்டங்கள், அவையும் கறுப்பு.
நடுவில் ஒரு கை.
நகக்கண்ணில் மாவு, விரல்நுனியில் சுண்ணாம்பு.
ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு:
எது பெரிது?

பத்து பதினேழுக்கு
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்சாரம் போனது.
பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கம்.
கட்டம் கட்டமாக அவிந்தது வகுப்பு.
சொல்லியிருக்க வேண்டும்.
கை ஓடிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.
இரண்டு பட்டை வரைந்து
ஒவ்வொன்றையும் பதினைந்தாகக் கீறியது,
கோடு கோணினால் உள்ளங்கையால் துடைத்தது,
மறுபடி கீறியது.

பிறகு நின்றது.
திரையை எட்டிப் பார்த்திருப்பார்.
சாக்பீஸ் தட்டில் இரண்டு முறை தட்டியது,
வகுப்பை அமைதிப்படுத்துவதுபோல்.
இருந்ததே அமைதி மட்டும்தான்.
"டெஸ்ட் மாணவர் ஒன்று,
நீ சொல்."

இந்த வாரம் நூறு பேருக்குக் காட்டிய
சிவப்பு மைக்கை
என் விரல் தேடியது.
"மூன்றில் இரண்டு பெரிது."
"ஏன்?"

என்னிடம் எல்லாரும் எப்படி என்றுதான் கேட்பார்கள்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
பட்டைகளைப் பார்த்தேன்.
விரல் வைத்து எண்ணத் தொடங்கினேன்.
கை காத்திருந்தது.

அலுவலகக் கதவைத் திறந்து யாரோ
பிரிண்டர் மக்கர் செய்கிறது, வா என்றார்கள்.
வகுப்பில் இருக்கிறேன் என்றேன்.