ஜன்னல் பாட்டில்

லுபிவோயே ஒவ்வோர் அக்டோபரிலும் இதைத்தான் கேட்கிறான்:
"அதே ப்ளம் பழம், அதே செம்பு வாலை, அதே விறகு.
ஸ்தானிமிரின் ராக்கியா மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டுத் தொண்டைக்குள் நடக்கிறது.
என்னுடையது ஆணிச் செருப்போடு இறங்குகிறதே, ஏன்?"

உனக்கு எதையும் கொட்ட மனம் வராது, அதனால்தான்.
இதை நான் சொன்னதில்லை.
வாலைக்கு வாடகை தருகிறவன் அவன்.

முதலில் சொட்டுவது தலை.
உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால்
நகப்பூச்சு வாசம்.
"அதுவும் சாராயம்தானே" என்பான்,
பானையை நகர்த்த விடமாட்டான்.
பிறகு நெஞ்சு.
அதில் பழம் இருக்கும்,
கொட்டையின் கசப்பு ஒரு நூலளவு.
கடைசியில் வால்:
நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் வந்த நாய்.
அதையும் விடமாட்டான்.
தீயைக் கூட்டிக் கூட்டி
ஒட்டப் பிழிவான்.
செம்பு தன்னால் முடிந்த கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும்.
ஆளின் கைச்சிக்கனத்தைப் பிடிக்க
செம்பால் ஆகாது.

இந்த வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம்.
எண்பது பேர்.
மாப்பிள்ளை வீட்டார் நோவி சாத்காரர்கள்,
குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குடிப்பவர்கள்.

அவன் விறகெடுக்கப் போன நேரம்
தலையை
ஜன்னல் துடைக்கும் பாட்டிலில் பிடித்தேன்.
ஒழுக்கு நூலாகும் வரை தீயைத் தணித்தேன்.
நாய் எட்டிப் பார்த்ததும் வாளியை மாற்றினேன்.
அப்போது அவன் அடுப்பருகே
பன்றிக்கொழுப்பும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டிருந்தான்.

பிறகு ஒரு மிடறு.
கண்ணை மூடினான். திறந்தான்.
"தண்ணி ஊத்தினியா, ஸாகோர்க்கா?"

மானியை மிதக்கவிட்டுக் காட்டினேன்:
ஐம்பத்திரண்டு.

இன்னொரு மிடறு.
பிறழ் சாட்சியைப் பார்ப்பதுபோல்
குவளையைப் பார்த்தான்.
"எரியலையே.
எரியாட்டி, குடிச்சேன்னு
எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மனைவி போய் மூன்று குளிர்காலம் ஆகிறது.
நான் மானியைத் துடைத்து உறையில் போட்டேன்.

நாற்பது லிட்டர் ஏற்றிக்கொண்டு போனான்.
இல்லை, முப்பத்தாறு.
குறைந்த நாலைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவன்!

மறுநாள் ஜன்னலைத் துடைக்கப் போனேன்.
அலமாரித் தூசியில்
பாட்டில் இருந்த வட்டம் மட்டும் இருந்தது.

கல்யாணத்தில் எண்பது பேரும்
குவளையை வெளிச்சத்தில் பார்த்து, குடித்து,
இன்னொன்று கேட்டார்களாம்.
பெண்ணின் அப்பா மட்டும்
சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து
ஒரு வாய் குடித்து
கண்ணில் நீர் வர
இருமிக்கொண்டே இருந்தாராம்.

என் ஜன்னலில் இன்னும் புகை படிந்திருக்கிறது.