பிளச்சிந்த

அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டினேன்:
பிளச்சிந்த.
கண்ணாடிப் பெட்டிக்குள்
மீன் பனிசுக்கும் முட்டை ரோல்ஸுக்கும் நடுவில்
தட்டையாய், வட்டமாய், ஓரம் கருகி
ஒன்பது கிடந்தன.
கொட்டாஞ்சேனையில் காலை ஆறரை.
மட்டக்குளி பஸ் இரைந்து போக
வந்தவர்கள் விரலால் காட்டிக் கேட்டார்கள்:
"அந்த நசுங்கினது என்ன?"

பக்காவ் நகரில் இரண்டு வருடம்
சட்டைக் கொலர் தைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை விடுதிக் குசினியில்
வியோரிகா மாவை இழுத்துக் காட்டினாள்
மேசையின் நாலு மூலைக்கும்.
கிழியவில்லை. அடியில் ஏதாவது வை,
வாசிக்கத் தெரிந்தால்தான் பதம் என்றாள்.
கையில் இருந்தது என் ஒப்பந்தப் பத்திரம்.
சம்பளம் எழுதிய வரி
மாவுக்குள்ளால் தெளிவாகத் தெரிந்தது.
அவள் சிரித்தாள்.
எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உள்ளே வைக்க அங்கே
உப்பில் ஊறிய ஆட்டுப்பால் கட்டி, சதகுப்பை இலை.
இங்கே எருமைத் தயிரைத் துணியில் முடிந்து
இரவு முழுக்கக் குழாயில் தொங்கவிடுகிறேன்.
இலைக்குப் பதில் விதை.
ஐந்துலாம்புச் சந்தி மருந்துக்கடையில்
சதகுப்பை நூறு கிராம் என்றதும்
நிறுத்துக்கொண்டே கேட்டான்:
"வீட்டில பிள்ளை பெத்தது யாரு?"

சிஸ்டர் ஃபஸ்மியாதான் அட்டையைச் சத்தமாக வாசித்தவள்.
டி சொய்சாவில் பிரசவ அறை,
இரவு டியூட்டி முடிந்து
கண்ணில் தூக்கம், கையில் பிளேன்டீ.
வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.
தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள்.
"பிளசென்டாவா?
ராத்திரி மட்டும் ஏழு பார்த்தேன்டி.
தட்டில போட்டு, விரிச்சு,
துண்டு எதுவும் உள்ளுக்கு நிற்கேல்லயே எண்டு
ஓரம் ஓரமாத் தடவிப் பார்த்தேன்.
நீ அதைச் சுட்டு விக்கிறியா?"

வியோரிகாவுக்குக் குரல் அனுப்பினேன்.
மத்தியானம் பதில் வந்தது, பின்னால் ஏதோ பொரியும் சத்தம்.
ஓம், ஒரே சொல்தான்.
ரோமர் பணியாரத்துக்கு வைத்த பேர்.
வெகுகாலம் கழித்து ஒரு வைத்தியன்
நஞ்சுக்கொடியின் வட்டத்தைப் பார்த்து அந்தப் பேரைச் சூட்டினான்.
பசியோடு இருந்திருப்பான், பாவம்.
ரோமருக்கு முன்னால் யார் என்றேன்.
கிரேக்கர். அவர்களிடம் அதற்கு
தட்டை என்று மட்டும்தான் அர்த்தம்.

தட்டை.
பெட்டியின் மேல்தட்டில், டின்னுக்குள்
நம்முடையதும் ஒன்று இருக்கிறது
கறிவேப்பிலையோடு.

எங்கே தொடங்கியது என்று கேட்கிறார்கள்.
எனக்குப் பழக்கமான கேள்விதான்.
முன்பு சென்றியில் அடையாள அட்டையைப் புரட்டியபடி கேட்பார்கள்:
சொந்த ஊர்?
கொட்டாஞ்சேனை.
அது இல்லை, சொந்த ஊர்.
அப்பா பதுளை, அம்மா வங்காலை,
நான் இந்த ஒழுங்கையில்தான் நடக்கப் பழகினேன்.
எதைச் சொன்னால் விடுவான் என்று
அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
சிலநாள் பதுளை. சிலநாள் எதுவும் சரிவராது.
கொடி புதைத்த இடம்தான் ஊர் என்பார்கள்.
என் மகன் றெஜினோல்டின் கொடி
டி சொய்சாவின் ஒரு வாளியில் போனது.
நாங்கள் மூன்றாம் மாடி.
மண் என்றால்
பால்கனிக் கற்றாழைச் சட்டியில் இருப்பதுதான்.

அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து
ஒன்றைப் பிய்த்து மணந்து பார்த்து,
கட்டசம்பல் வைத்தால் சரிவரும் என்றான்.
வைத்தேன்.
சரிவந்தது.
வியோரிகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஃபஸ்மியா பேரை மாற்றச் சொல்கிறாள்:
தயிர் ரொட்டி என்று போடு, விற்கும்.
போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூட விற்றது.
இரண்டாம் நாள் அட்டையைத் திருப்பிப் பழையதை ஒட்டினேன்.
அவளே இப்போது வார்டுக்கு
பன்னிரண்டு வாங்கிப் போகிறாள்,
தாய்மார் காதில் விழாமல்
கட்டித் தா என்று.

கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
ஒன்று நூற்றிருபது.
பேர் சொல்லிக் கேட்டால் நூறு.