தொய்வு

காற்றுதான் முதலில் கதவைத் திறந்தது,
அவன் அதன் பின்னால் வந்தான்.
செப்டம்பர் பிறந்துவிட்டால் கோபெர்னதோர் கிரெகோரெஸில் அப்படித்தான்:
வாடிக்கையாளருக்கு முன்னால் காற்று,
காற்றுக்கு முன்னால் மண்.

பெயர் ஒட்வார்.
ட்ரோம்சோவில் மீன்படகுகளுக்குக் காப்பீடு எழுதுகிறவன்.
ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே முறையிட்டான்:
சால்தாவில் மாட்டிய புதுச் சங்கிலி,
இருபதாயிரம் கிலோமீட்டருக்கு வாக்குக் கொடுத்த சங்கிலி,
மூவாயிரத்து நானூறில் செத்துவிட்டது.
கம்பெனிக்குக் கடிதம் போட்டாயிற்று.
இரண்டு.

குனிந்து பார்த்தேன்.
பின்சக்கரத்துப் பற்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
கொக்கி கொக்கியாய் நின்றன.
கடித்த பற்கள் அல்ல, கடிபட்ட பற்கள்.
சங்கிலியைப் பின்னால் இழுத்தேன்;
பல்லுக்கும் கண்ணிக்கும் நடுவே
பகல் வெளிச்சம்.

தினமும் சாயங்காலம் எண்ணெய் விடுவானாம்.
பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைதுவட்டியவனின் பெருமை முகத்தில்.
ஐயா, இது ஜல்லிச் சாலை.
விரலால் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன்,
கறுப்பு விழுது, நறநறவென்று.
சாணைக்கல்லைக் குழைத்துப்
பூசிக்கொண்டே வந்திருக்கிறான் நாற்பதாம் நெடுஞ்சாலை முழுக்க.

ஆனால் அது பாதிக் குற்றம்.
மீதிக்குப் பக்கத்துக் கிடங்குக்குப் போனோம்,
எல்விரோ கம்பளிப் பொதி நிறுக்கும் தராசுக்கு.
பெட்டிகள், பை, கூடாரம்:
அறுபத்தொரு கிலோ.
"கத்தரிக்காத செம்மறி ஒன்று," என்றான் எல்விரோ,
"அதுவும் சினையாக."

திரும்பி வந்து
வெறும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சங்கிலியைத் தூக்கினேன்.
ஒன்றரை விரல் ஆடியது.
இரண்டரை இருக்கட்டும் என்கிறது புத்தகம்;
சங்கிலி தட்டும் சத்தம் பிடிக்காமல்
இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறான்.
இப்போது பெட்டிகளை மாட்டச் சொன்னேன்.
அவனை உட்காரச் சொன்னேன்.
பின்சீட்டில் நானும் ஏறிக்கொண்டு, எல்விரோவிடம்,
இப்போது தொட்டுப் பார் என்றேன்.
விண்ணென்றது.
தொய்வே இல்லை. ஒரு மயிரிழைகூட.

வண்டி அமுங்க அமுங்க அச்சு தள்ளிப் போகிறது.
சங்கிலி எங்கே போகும்?
ஒவ்வொரு பள்ளத்திலும்
தன்னையே கொஞ்சம் கொடுத்துத்தான் எட்டியிருக்கிறது.

ஒட்வார் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, புதுச் சங்கிலி உங்களிடம் இருக்குமா என்றான்.
இல்லை, ரியோ கஜேகோஸிலிருந்து பஸ்ஸில் வர நாலு நாளாகும்.
சுமையையாவது குறைப்போம் என்று இடப்பக்கப் பெட்டியைத் திறந்தேன்.

அடியில், மெழுகுத்தாளில் சுற்றி,
இரண்டு புதுச் சங்கிலிகள்.
முன்பல் மூன்று. பின்பல் இரண்டு.
தாங்கிகள் ஒரு டப்பா.
பதினோரு கிலோ.
"அதெல்லாம் அவசரத்துக்கு," என்றான்.

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.
எல்விரோதான் வெளியே போய்ச் சிரித்தான்,
காற்று அதை உள்ளே கொண்டுவந்து போட்டது.

அவனுடைய சங்கிலியையே அவனுக்கு மாட்டினேன்.
முழுச் சுமையோடு, ஆள் உட்கார்ந்திருக்க, அளந்தேன்.
இறங்கியதும் அது வயிறு தளர்ந்து தொங்கியது.
அவனுக்கு மனம் ஒப்பவில்லை,
சாவியைத் திருகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கூலிக்கு இன்னொரு சங்கிலியை எடுத்துக்கொண்டேன்;
பல்சக்கரங்களில் மாட்டிய ஜோடி போக மீதியைத்
தரமாட்டேன் என்றுவிட்டான்.

போன மாதம் என் வலது முழங்காலைப் பார்த்த டாக்டர்
வயதுக்கு மீறிய தேய்மானம், காரணம் தெரியவில்லை என்றார்.
மேசையில் படுக்கவைத்துத்தான் பார்த்தார்,
காலை மடக்கி, நீட்டி.
ஒரு எஞ்சினைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆணியில் தொங்குகிறது அந்தச் சங்கிலி.
கதவு திறக்கும்போதெல்லாம் ஆடும்.
வியாழக்கிழமை
பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள்,
கம்பெனியைத் திட்டிக்கொண்டே.
நல்ல விலைக்குப் போயிற்று.