பெயர் சேர்த்தல்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரத்தில் வந்தான்.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போய்த் தீரணும்.
கம்பிக்கு அந்தப் பக்கம் அவன்,
வயிறு தள்ளிய ஒரு பெண்,
துணியில் சுற்றிய டேபிள் ஃபேன்.
இந்தப் பக்கம் பால் பாக்கெட்டோடு நான்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
விட்டு விட்டுத் தெரிந்தான் என் மகன் டில்லிபாபு,
நாலு வருஷம் கழித்து.

கேட் திறந்ததும் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா?
"எத்தினி நாளு இருப்ப?"
அன்றிரவு அந்த வாயை
கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன்.

நான் என்ன செய்ய, எனக்கு முன்னே கணக்கு ஓடிவிட்டது.
மாசம் ஆயிரத்து இருநூறு.
தண்டையார்பேட்டை தாலுகா ஆபீசுக்கு
ஏழு தடவை நடந்து நான் வாங்கின பட்டம்:
ஆதரவற்ற விதவை.
மகன் உண்டா என்ற கட்டத்தில்
'இருக்கிறான், இருக்கும் இடம் தெரியாது'
என்று எழுதச் சொன்னேன்.
அன்றைக்கு அது நிஜம்.
எழுதினவர் முப்பது ரூபாய் வாங்கினார்.

இப்போது இடம் தெரிகிறது:
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே,
வாய் திறந்து, ஒருக்களித்து,
அவன் அப்பன் படுத்த மாதிரியே.

பக்கத்து வீட்டு பிலோமினாவுக்குச் சட்டம் தெரியும்.
கொழுந்தன் ஒரு காரோடு வந்து தங்கினதில்
அவளுக்கு வந்த ஆயிரம் நின்றுபோனது.
கார் அவனுதுகூட இல்லை, லோனுது.
"பேர ஏத்துனா அரிசி ஏறும்கா, பென்ஷன் எறங்கும்.
ஏத்தாத வுட்டா
பன்னெண்டு கிலோவுல மூணு பேரு துன்னணும்.
இன்னா பண்ணப் போற?"

ஏற்றத்தான் முடியுமா?
ரோஜாமணி பேர் அரக்கோணத்தில், அவள் அம்மா கார்டில்.
எடுத்துவிட்டால் அங்கே சர்க்கரை அரைக்கிலோ குறையுமாம்,
அம்மாக்காரி மூச்சு விடவில்லை.
ஆள் இங்கே, சர்க்கரை அங்கே.
வயிற்றில் இருக்கிறதுக்கு
எந்த ஊரிலும் கட்டம் இல்லை, பசி மட்டும் உண்டு.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
பழைய சோற்றைச் சத்தமில்லாமல் பிசைகிறாள்.
நான் தூங்குகிற மாதிரி கிடக்கிறேன்.

கரண்ட் கணக்கெடுக்க வந்தவன் மீட்டரைத் திரும்பப் பார்த்தான்.
என் வீடு நூறு யூனிட்டைத் தாண்டினதே இல்லை.
"இன்னாம்மா, புதுசா மாவு மில்லு போட்டியா?"

வியாழக்கிழமை விசாரணைக்கு ஆள் வருகிறது என்றார்கள்.
இரண்டு பேரையும் பீச்சுக்கு அனுப்பினேன்.
செருப்புகளைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சொருகினேன்.
ஃபேனுக்கு என் பழைய புடவையைப் போர்த்தினேன்.
டூத் பிரஷ்கூட.

வந்தது ஒரு சின்னப் பெண். வேர்த்து வழிய,
மூன்று மாடி ஏறி, முதலில் தண்ணீர் கேட்டாள்.
"தனியாவா இருக்கீங்க?"
"ஆமாம்மா."
"பையன்?"
"தகவலே இல்ல."
அதைச் சொல்லும்போதுதான் பார்த்தேன்,
கொடியில் ஜீன்ஸ்.
முட்டியில் கிழிந்தது, இன்னும் சொட்டிக்கொண்டு.
அவளும் பார்த்தாள்.
"பக்கத்து வூட்டுதும்மா. வெயிலு இங்கதான் வரும்."

எங்கள் வராந்தாவுக்கு
வருஷம் முழுக்க வெயில் வந்ததில்லை.
அவள் பாசி பிடித்த சுவரைப் பார்த்தாள்,
சொம்பைக் கீழே வைத்தாள்,
ஏதோ எழுதினாள்.
என்னவென்று ஒண்ணாம் தேதி தெரியும்.

சாயந்திரம் வந்தவன்
குடோனில் மூட்டை இறக்கின முதல் கூலி
நானூற்று ஐம்பதை என் கையில் திணித்தான்.
"நான்தான் வந்துட்டேன்ல,
இன்மே ஒனக்கு இன்னாம்மா கொற?"
சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான், வேறு எதற்கோ.
தோளெல்லாம் சிவந்து கிடந்தது.
தகவலே இல்லாத தோள்.
தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

விளக்கணைத்த பிறகு
புடவையை உருவிவிட்டு ஃபேனைப் போட்டான்.
கொஞ்ச நேரம் அவர்கள் பக்கம் ஓடியது.
அப்புறம் எழுந்து வந்து
என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தான்.

வெளியே மீட்டரின் சிவப்புப் புள்ளி
மினுக்கி மினுக்கி எண்ணியது.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
காற்று நன்றாயிருந்தது.