எடை மேடையில் ஏப்ரல்

சோயா அறுவடை மாதம்.
நுவேவா பால்மிராத் துறைமுகத்தில்
ஆற்றைப் பார்த்தபடி
லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும்.
ஏற்றிய எடை, இறக்கிய எடை,
ஒரு சீட்டு, ஒரு முத்திரை.
இரண்டு லாரிக்கு நடுவே
நான்கு நிமிடம் எனக்குச் சொந்தம்.
அந்த நிமிடங்களை ஒட்டுப்போட்டதில்
இந்த மாதம் நான்கு புத்தகம்.
சரியாகச் சொன்னால்
மூன்றே அரைக்கால்.

முதலில் ஒரு கொலைக்கதை.
முப்பதாம் பக்கத்திலேயே யாரோ
மருத்துவரின் பெயரைப் பென்சிலால் சுழித்து
'இவன்தான்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.
பாழாய்ப் போகட்டும் என்று திட்டிக்கொண்டே படித்தேன்.
மருத்துவர் இருமினால் சந்தேகம்,
சன்னலைச் சாத்தினால் சந்தேகம்.
கடைசியில் பார்த்தால் கொன்றவள் தபால்காரி.
மருத்துவர், பாவம்,
கதை முழுக்க நல்லவராகவே இருந்துவிட்டுப் போனார்.
பென்சில்காரருக்கு இது தெரியுமா?
முடிவு வரை வந்தாரா?
வந்து, வெட்கப்பட்டு,
ரப்பர் தேடினாரா?
கொலையைவிட அவரைப் பற்றித்தான்
இரண்டு நாள் யோசித்தேன்.

அடுத்தது தடிமன்.
ஒரு குடும்பம், ஒரு சர்க்கரை ஆலை,
எழுநூறு பக்கம்.
மணப்பெண் மாடிப்படி இறங்கவே இருபது பக்கம்.
நூற்றுப் பன்னிரண்டில்
கடைசிப் படியிலிருந்து அவள் கால் எடுக்கும்போது
வெளியே ஹார்ன்.
கைக்கு அகப்பட்ட சீட்டைச் செருகி மூடினேன்.
பிறகு திறக்கவில்லை.
இன்னும் அங்கேதான் நிற்கிறாள்,
ஒரு கால் அந்தரத்தில்.
நல்ல புத்தகம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.
எனக்கு நான்கு நிமிடம், அவளுக்கு ஒரு நூற்றாண்டு.
ஒத்துவரவில்லை.

மூன்றாவது, தேனீ வளர்ப்பு.
என்னிடம் தேனீ இல்லை, தோட்டம் இல்லை,
இரண்டாம் மாடியில் ஒற்றை அறை.
நூலகத்தில் ஸெல்மிரா
வேறு யாருக்கோ எடுத்து வைத்ததை
என் கையில் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.
நானும் வாய் திறக்கவில்லை.
ராணி இல்லாத கூட்டை
ஓசையை வைத்தே கண்டுபிடிக்கலாமாம்.
முனகுமாம்.
அன்றிலிருந்து
காலி லாரிகள் திரும்பும் சத்தத்தைக்
காதுகொடுத்துக் கேட்கிறேன்.

நான்காவது ஒல்லி. கவிதை.
கவிதைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
ஒன்றை மட்டும் ஏழு தடவை படித்தேன்:
ஈரத்துணி, கொடிக்கயிறு, வீட்டில் யாருமில்லை.
அவ்வளவுதான்.
இதில் என்ன இருக்கிறது?

மழை பெய்து வேலை நின்ற ஒரு மதியம்
நான்கு புத்தகத்தையும் மேடைமேல் அடுக்கிப் பார்த்தேன்.
எங்கள் மேடை
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
பூஜ்யம்.
நானும் ஏறி நின்றேன். எண்பது.
புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.
எண்பது.

அன்று இரவு இரண்டு மணிக்கு ஒஸீரிஸ் வந்தான்,
பைசாந்துவிலிருந்து இருபத்தெட்டு டன்.
'என்ன அது?' என்றான்.
கண்ணாடித் துளை வழியாக
அந்த ஈரத்துணியைப் படித்துக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாத்தே குவளையை உறிஞ்சினான்.
காலி என்று அது கரகரத்தது.
மறுபடியும் உறிஞ்சினான்.
பின்னால் ஒரு லாரி கத்தியது,
அதற்குப் பின்னால் இன்னொன்று.
'கொடு' என்றான்.
எடைச்சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.
பிறகு எங்கள் பக்கம் அவன் வரவில்லை.

முப்பதாம் தேதி மூன்றை மட்டும் திருப்பினேன்.
ஒன்று தொலைந்துவிட்டது என்றேன்.
ஸெல்மிரா என் முகத்தைப் பார்த்தாள்,
நானூறு பேஸோ என்று எழுதினாள்.
'அடுத்து என்ன வேண்டும்?'
'நான்கு நிமிடத்தில் படி இறங்குகிறவர்கள்
யாராவது இருக்கிறார்களா?'
அவள் சிரிக்கவில்லை.
அலமாரிக்குப் போய் நெடுநேரம் தேடினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது:
அந்தச் சீட்டு.
முப்பத்தொரு டன், நானூற்று நாற்பது கிலோ.
மணப்பெண்ணின் காலடியில்
ஒரு லாரி சோயாவை
இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.