பத்தாம் சதமானம்

மார்ச் மாதம், ஈசூன்.
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
அதன்மேல் என் கால்குலேட்டர்,
வியர்த்து வடியும் ஐஸ் மைலோ.

வரிசையாக வந்தார்கள்,
கிளி ஜோசியக்காரனிடம் வருவதுபோல
பாதிச் சிரிப்போடு.
வெய் லுன், பொறியியல்:
கண்ணை மூடிக்கொண்டு போடு.
ஹஃபிஸ், வணிகம்:
பாதிக்குப் பாதி, வேறொன்றும் போட்டு வை.
கூலி ஒரு கறிபஃப்,
அதுவும் யாரோ கடித்தது.
ஆனால் என் ஒரு சொல்லில்
முகங்கள் மாறுவது எனக்குப் பிடித்திருந்தது.
இப்போது சொல்லிவிடலாம்.

பாஹிமா கடைசியாக வந்தாள்.
ஏ, பி, பி.
மருந்தியல் என்றாள்.
அத்தாவின் மாத்திரைப் பெட்டியை
ஞாயிறுதோறும் அவள்தான் நிரப்புவாள்.
இருபத்தெட்டுக் குழிகள்,
ஒன்றுகூட மாறியதில்லை ஐந்து வருஷமாக.
அதை எழுத
அட்டவணையில் கட்டம் இல்லை.

போன வருஷம் சேர்ந்தவர்களின்
பத்தாம் சதமானத்தில் விரலை வைத்தேன்:
ஏ, ஏ, பி.
"இதுதான் வாசப்படி. நீ ஒரு படி கீழே நிக்கிறே."

சரி என்றாள்.
பையின் ஜிப் மூடும் சத்தம்.
மேலே ஏதோ ஒரு வீட்டில்
துணி காயும் மூங்கிலை
உள்ளே இழுத்துக்கொண்டார்கள், மழை வரப் போகிறதென்று.
மழை வரவில்லை.

விருப்பப் பட்டியலில்
மருந்தியலை அவள் எழுதவே இல்லை.

தெக்கோங் தீவில் மொட்டையடித்து,
ஓடி, தவழ்ந்து, திரும்பி வந்து,
கல்லூரி இரண்டாம் ஆண்டில்
புள்ளியியல் வகுப்பின் குளிரில்தான் புரிந்தது:
பத்தாம் சதமானம் என்றால்
உள்ளே போனவர்களிலேயே
பத்தில் ஒருவர் அதற்கும் கீழே.
நான் வாசப்படி என்று காட்டிய கோட்டுக்கு அடியில்
ஆட்கள் நடந்து போயிருக்கிறார்கள்.

அவளுக்கு இடம் கிடைத்திருக்குமா?
கிடைத்திருக்காது என்றுதான்
இன்றைக்கும் என் கணக்கு சாய்கிறது.
ஆனால் விண்ணப்பிக்காதவளின் வாய்ப்பு
சுத்தமான பூஜ்யம்.
அந்த வருஷம் நான் சொன்னவற்றில்
தசமப் பிழையின்றிப் பலித்தது
அது ஒன்றுதான்.

போன வாரம் காத்திப் நிலையத்தில்
எதிரே வந்தாள்.
கழுத்தில் ஏதோ சரக்குக் கப்பல் நிறுவனத்தின் அட்டை.
கோபம் எதுவும் இல்லை அவளுக்கு,
கோபிக்க ஏதாவது இருந்ததாகவே
நினைவில்லை போல.

"தம்பிக்கு ரிசல்ட் வந்திருக்கு.
நீ கரெக்டா சொல்லுவியே,
கொஞ்சம் பாத்துச் சொல்லு"
என்று கைப்பேசியை நீட்டினாள்.

"போடச் சொல்லு" என்றேன்.

"இரு, திரையே இன்னும் திறக்கல"
என்றாள் பாஹிமா,
கட்டைவிரலை அதில் அழுத்தியபடி.