மாற்று ஆள்

விடியுமுன் ஏஜென்சியிலிருந்து செய்தி வரும்:
இன்றைக்கு ஃபீனிக்ஸ். அல்லது டோங்காட்.
போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை நாற்காலி.
சாட்ஸ்வர்த்தில் அதற்கு ஒரு சக்கரம் இல்லை,
இடப்பக்கம் சாய்ந்தபடியே பொழுது போகும்.
பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில்.
டீ கோப்பை யாருடையது என்று
கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும்.

என் பெயர் லோகனி. எந்த வில்லையிலும் அது இல்லை.
விடுப்பில் போனவளுடையதைக் குத்திக்கொள்வேன்.
போன மாதம் டோங்காட்டில் நான் ஷார்மெய்ன்.

நுழைகிறவர்கள் ஸூலுவில் சொல்வார்கள்: சவுபோனா.
என் காதில் அது கொஞ்சம் நீண்டு
சாவு போனா என்று விழும்.
போனா என்ன என்பதை
யாரும் முடிப்பதில்லை.
உன்னைக் கண்டோம் என்று அர்த்தமாம்,
ஊசி அறை சிஸ்டர் தோபேகா சொன்னாள்.

கஸ்தூரி மூட்லியை ஃபீனிக்ஸில் கண்டேன்.
மணிக்கட்டு. மாடிப்படியில் விழுந்தாளாம்.
மூன்று வாரம் கழித்து டோங்காட்டில்
கஸ்தூரி பெருமாள்.
அலமாரிக் கதவு, கண்ணுக்குக் கீழே.
மெடிக்கல் எய்டு வேண்டாம், ரொக்கம் என்றாள்,
நூறு ராண்டுத் தாள் நாலு, உள்ளங்கை ஈரத்தோடு.
நான் நிமிர்ந்தேன். அவளும்.

ஒவ்வொரு டாக்டரிடமும் ஒரே ஒரு விழுதல்தான் இருக்கிறது.
கூட்டிப் பார்க்க என் ஒருத்தியால்தான் முடியும்,
எனக்கோ எந்த ஃபைலிலும்
ஒரு வரி எழுத உரிமையில்லை.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தை
காலியாக விட்டிருந்தாள்.
வரிசையில் ஏழு பேர். ஒரு குழந்தை
தரையெல்லாம் வாந்தி எடுத்திருந்தது.
ரசீதின் பின்புறம் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்
என்று சொல்ல ஆசைதான்.
எழுதவில்லை.
அவள் என் வில்லையைப் படித்தாள், உதடு அசைய.

பிறகு சாட்ஸ்வர்த்தில், மழை நாள்,
கதவைப் பாதி திறந்தாள், என்னைப் பார்த்தாள்,
மூடிக்கொண்டு போய்விட்டாள்.
மிதியடியில் ஒரு கால் ஈரம் மட்டும்.
அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த ஒரு கதவையும்
என் முகம் அடைத்துவிட்டது.

நேற்று வில்லையைத் திருப்பித் தரப் போனேன்.
முதுகு ஆபரேஷன் முடிந்து
ஷார்மெய்ன் வேலைக்கு வந்திருந்தாள்.
"யாரோ ஒருத்தி போன் பண்ணாள்,
ஷார்மெய்னான்னு கேட்டாள்.
ஆமான்னேன்.
நீங்க இல்லன்னு சொல்லி வெச்சுட்டாள்."

எந்த நம்பர் என்றேன்.
அது பழைய போன், நம்பர் காட்டாது.

நாளைக்கு வெருலம். ஏழரைக்கு முன்னால் போகணும்,
சாவி பக்கத்து மருந்துக்கடையில்.